வண்டியேறிப் போன நாற்காலி

1886ஆம் ஆண்டின் கோடைகாலத்தில், ஜெர்மனி தேசத்தில் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த கன்ஸ்டாட் என்னும் ஊரில், காட்லீப் டைம்லர் என்ற இயந்திர நிபுணரின் இல்லத்துக்கு, குதிரை வண்டி கட்டுவதில் பேர்பெற்ற விம்ப் கம்பெனியாரிடமிருந்து புத்தம்புது வண்டி ஒன்று வந்து இறங்கிற்று. தம் மனைவி எம்மாவின் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசு அது என்று டைம்லர் சொல்லி வைத்திருந்தார். அந்த வண்டிக்குக் குதிரை பூட்டும் உத்தேசம் அவருக்குச் சிறிதும் இல்லை என்பதும், ஏர்க்காலைக் கழற்றிவிட்டு அதன் வயிற்றில் ஓர் எண்ணெய் எஞ்சினை வைத்து ஓட்டிப் பார்க்கப் போகிறார் என்பதும் ஊராருக்குத் தெரிந்தால் பைத்தியக்காரப் பட்டமே மிஞ்சும் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஜனவரி 29ஆம் தேதியன்று மன்ஹைம் நகரத்துக் கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்திருந்தார். இவ்விருவரின் எஞ்சின்களைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் ஒரு நூல்நிலையத்தையே நிரப்பும். ஆனால் அந்த எஞ்சின்களுக்கு மேலே மனிதன் உட்கார்ந்திருந்தானே, அந்த ஆசனத்தைப் பற்றி ஒருவரும் அதிகம் பேசக் காணோம். மெத்தை தைத்து, தோல் போர்த்து, விளிம்பில் குமிழ் ஆணி அடித்த அந்தப் பலகை, சீமான்களின் கூடத்தில் கிடந்த சோபாவின் உடன்பிறப்பு. மோட்டார் வாகனத்தில் மற்ற யாவும் புதுச் சிருஷ்டியாக இருக்கலாம். ஆசனம் மட்டும் வீட்டிலிருந்து வண்டியேறிப் போனதுதான்.

பழைய கார்களின் உறுப்புகளைக் கொண்டு நாற்காலியும் மேஜையும் விளக்கும் செய்கிற வழக்கத்தை இக்காலத்தில் சிலர் ஒரு நூதனமாகவும், சிலர் ஒரு விபரீதமாகவும் கருதுகிறார்கள். அந்த வழக்கத்தின் சரித்திரத்தைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தவனுக்கு, வெகுநாள் வெளியூரில் இருந்த பிள்ளை வீடு திரும்புகிற காட்சியாகவே அது தோன்றும்.

நாம் சோபாவில் அமரும்போது உடலைத் தாங்குகிற சுருள்கம்பி எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், அதுவும் பிரயாணத்தில்தான் போய் முடிகிறது. 1826ஆம் ஆண்டில் லண்டன் நகரத்துச் சாமுவேல் பிராட் என்பவர், கப்பற் பிரயாணிகளுக்கு உண்டாகும் குமட்டலைத் தடுக்கும் பொருட்டு, ஸ்பிரிங்கின் மேல் அசைந்தாடும் ஆசனம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்; இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சுருள்கம்பிகளை மெத்தைக்குள்ளேயே வைத்துத் தைக்கும் முறைக்கும் உரிமை பெற்றார். கப்பலில் குமட்டல் நின்றதோ இல்லையோ, வீடுகளில் நாற்காலிகள் மெத்தென்று ஆயின. அதற்கும் முன்னரே, 1804இல், ஒபதையா எலியட் என்னும் ஆங்கிலேயர் வண்டியின் அச்சுக்கும் உடலுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை நீள்வட்டமாக வளைத்துப் பொருத்தி, மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்தெழும் அதிர்ச்சியை அவை விழுங்கிக் கொள்ளும்படி செய்திருந்தார். நம்மவர்கள் இந்தப் பட்டைகளைக் கண்டதும் ‘வில்’ என்று ஒரே சொல்லில் அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மிராசுதார் வீட்டு வாசலில், உள்ளே மெத்தையும் திண்டும் போட்டு, மணி கட்டிய காளைகள் பூட்டி நின்ற வில் வண்டியைக் கண்டவர்கள், கூடத்துச் சுகத்தைத் தெருவுக்குக் கொண்டுபோக மனிதன் பட்ட பாட்டின் நம்மூர்ப் பிரதியைக் கண்டவர்களே.

ஆகவே மோட்டார் எஞ்சின் வந்தபோது, அதை ஏற்றிச் செல்லும் உடலைச் செய்வதற்கு ஒரு தொழிற்குலம் உலகெங்கும் ஆயத்தமாக இருந்தது. வண்டி கட்டும் ஒரு சாலையில் தச்சன், கருமான், தோல் தைப்பவன், மெத்தை தைப்பவன், வர்ணம் பூசுபவன் ஆகிய அனைவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். சென்னையில் 1840இல் தோன்றிய சிம்சன் கம்பெனி அத்தகைய சாலை. குதிரை வண்டியும் சேணமும் செய்து வந்த அதே இடத்தில்தான், 1903ஆம் ஆண்டு சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் காரொன்றைக் கட்டிச் சென்னைத் தெருவில் ஓட்டினார். அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து வண்டிக் கொல்லர் வீட்டில் பிறந்த ஃபிஷர் சகோதரர்கள் 1908இல் டிட்ராய்ட் நகரத்தில் மோட்டார் உடல் கட்டும் கம்பெனி தொடங்கி, 1926இல் அதை முழுவதுமாக ஜெனரல் மோட்டார்ஸுக்கு விற்றார்கள். ஆயினும் அவர்கள் உடல் கட்டிய கார்களின் நிலைப்படியில், குதிரை பூட்டும் ராஜரதம் ஒன்றின் உருவம்தான் முத்திரையாகப் பதிந்திருந்தது. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியோ இரண்டாம் உலக யுத்தம் வரையில் எஞ்சினையும் சட்டத்தையும் மட்டுமே விற்றது. வாங்கியவர் அந்த எலும்புக்கூட்டைத் தமக்கு உகந்த வண்டிக் கட்டுநரிடம் அனுப்பி, சதை வைத்துத் தோல் போர்த்திக் கொள்ள வேண்டும். நம் சமஸ்தானாதிபதிகள் அந்தச் சுதந்தரத்தை எப்படி உபயோகித்தார்கள் என்பதற்கு, வெள்ளித் தகடும் பட்டு மெத்தையும் பதித்த பழைய கார்கள் அரண்மனைக் கொட்டில்களில் இன்றும் சாட்சியாக நிற்கின்றன.

மரச் சட்டம் போய் எஃகுத் தகடு வந்தது. பல வாரம் காயவைக்க வேண்டியிருந்த வார்னிஷ் போய் 1924 முதல் சில மணி நேரத்தில் உலரும் லாக்கர் வந்தது. தச்சனும் வர்ணக்காரனும் அடையாளம் தெரியாமல் மறைந்த பிறகும், மெத்தை தைப்பவனை மட்டும் அசைக்க ஒருவராலும் முடியவில்லை. கம்பிச் சுருள், அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் குதிரை மயிரோ தேங்காய் நாரோ, அதன் மேல் பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேலே தோல் என்ற அடுக்கு, மேனாட்டுச் சோபாவில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில்தான் காரிலும் வெகுகாலம் இருந்தது. எனவே பழைய காரின் ஆசனத்தைக் கழற்றி வீட்டில் போடுகிறவன் எந்த விதியையும் மீறவில்லை. காலை மட்டும் மாற்றுகிறான்.

இதற்கு மறுதலையாக, வாகனம் நாற்காலிக்கு ஆசானாக அமைந்த கதையும் உண்டு. 1925ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பௌஹௌஸ் கலாசாலையில் மரவேலைப் பகுதிக்குத் தலைவராக இருந்த இளைஞர் மார்செல் பிராயர், ஆட்லர் கம்பெனியின் சைக்கிள் ஒன்றை வாங்கி ஓட்டிப் பழகினார். அதன் கைப்பிடிக் குழாய் இத்தனை இலேசாக இருந்தும் இத்தனை உறுதியாக வளைந்து நிற்கிறதே, இதைக் கொண்டு ஏன் நாற்காலி செய்யலாகாது என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. மருத்துவமனைக் கட்டில் போல் இருக்கிறதென்று முதலில் சிரித்தவர்கள் உண்டு. இன்று உலகத்தின் எந்த ஆபீசில் இரும்புக் குழாய் நாற்காலி கிடந்தாலும் அதற்குச் சைக்கிளின் இரத்த சம்பந்தம் இருக்கிறது.

ஆனால் பிராயர் சைக்கிளிடமிருந்து யோசனையை மட்டுமே எடுத்துக் கொண்டார். பொருளை அப்படியே எடுத்து வீட்டுக்குள் வைக்கும் துணிவு இத்தாலி தேசத்து மிலான் நகரத்தில் காஸ்டிலியோனி சகோதரர்களுக்கு வாய்த்தது. அக்கீலே, பியேர் ஜாக்கமோ என்னும் அவ்விருவரும் 1957இல் கோமோ ஏரிக்கரை மாளிகை ஒன்றில் நடந்த கண்காட்சியில் ஓர் ஆசனத்தை வைத்தார்கள். டிராக்டர் ஓட்டுகிறவன் அமரும், துளைகளிட்ட இரும்புத் தட்டு மேலே. அந்தத் தட்டைத் தாங்கும் வளைந்த எஃகுப் பட்டை நடுவே. அந்தப் பட்டை கவிழாதபடி தரையில் குறுக்காக ஒரு மரக்கட்டை. இரண்டையும் இணைக்க ஒரு காது வைத்த திருகு. இவ்வளவுதான் அந்த ஆசனம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘மெத்ஸாத்ரோ’. நிலச்சுவான்தாரின் பூமியை உழுது விளைவில் பாதியை அளக்கும் குடியானவனுக்கு இத்தாலியில் வழங்கும் பெயர் அது. தஞ்சை ஜில்லாவில் வாரக்குடி என்போமே, அவனேதான். வாரக்குடியின் ஆசனம் மிலான் நகரத்துத் தனவந்தர்களின் கூடத்துக்குள் நுழைவதற்குப் பதினைந்து வருஷம் போலக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஸானோட்டா என்னும் கம்பெனி அதைச் செய்து விற்கத் தொடங்கியது 1970களில்தான். இதற்கிடையே 1962இல் அதே சகோதரர்கள் ‘தோயோ’ என்னும் நிலைவிளக்கைச் செய்தார்கள். அதன் உச்சியில் இருப்பது காரின் முன்விளக்கு. மின்கம்பி ஏறிச் செல்லும் வழியெல்லாம் தூண்டிற்கோலின் வளையங்கள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் கனத்த டிரான்ஸ்பார்மரே விளக்கு சாயாதபடி அடியில் பாரமாக இருக்கிறது. எந்தப் பொருளையும் மறைக்காமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கும் அந்த நேர்மையை நான் மிகவும் ரஸிக்கிறேன். பின்னால் வந்தவர்களில் பலர் காரின் உறுப்பை அலங்காரமாக ஒட்டவைத்தார்களே தவிர, அதனிடம் வேலை வாங்கவில்லை.

வேலை வாங்கியவர்களில் தலைசிறந்தவர் ரான் ஆராட். 1951இல் டெல் அவிவ் நகரில் பிறந்து, 1973இல் லண்டனுக்கு வந்து, அங்கே கட்டடக் கலை பயின்றவர் அவர். படிப்பு முடிந்தபின் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஒரு கட்டடக் கலைஞரிடம் உத்தியோகத்தில் அமர்ந்தவர், ஒரு நாள் பகலுணவுக்காக வெளியே போனார், திரும்பவில்லை. மற்றொருவர் சொன்னபடியே கோடு போடும் உத்தியோகம் தமக்கு உதவாது என்று தோன்றியதாம். அன்று நடந்த வழியில் சாக் ஃபார்ம் என்னும் இடத்தில், 1847இல் ரயில் எஞ்சின்களைத் திருப்பி நிறுத்துவதற்காகக் கட்டிய வட்டக் கொட்டகைக்குப் பின்புறம், பழைய கார்களை உடைத்துப் போடும் முற்றம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு ரோவர் காரின் ஆசனத்தை அவர் கண்டெடுத்தார். சரித்திரத்தில் சில நாற்காலிகளுக்கு ஜாதகம் கணிக்க முடியும், இதற்கு முடிகிறது.

அந்த ஜாதகத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர் தையல் இயந்திரம் செய்து கொண்டிருந்தார். பிரான்சிலிருந்து சைக்கிள் மோகம் பரவியபோது அவருடைய கம்பெனி சைக்கிளுக்கு மாறிற்று. அவருடைய சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி, 1885இல், முன் சக்கரமும் பின் சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாய், சங்கிலியால் பின் சக்கரம் சுழலும்படியான சைக்கிளைச் செய்து, அதற்கு ‘ரோவர்’, அதாவது ஊர் சுற்றி, என்று பெயரிட்டார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கு அதுவே மூலபுருஷன். போலந்து தேசத்தவர்கள் எல்லாச் சைக்கிளையும் இன்றளவும் ‘ரோவெர்’ என்றே அழைக்கிறார்கள். ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் கம்பெனி 1904இல் கார் செய்யத் தொடங்கிற்று. 1963ஆம் ஆண்டு அக்டோபரில் அது வெளியிட்ட ‘ரோவர் 2000’ என்னும் கார், முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருதை 1964இல் பெற்றது. டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி வாங்கிய வண்டி அது; 1977இல் நிறுத்தப்படும்வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. 1982இல் மொனாக்கோ இளவரசி கிரேஸ் மலைப்பாதையில் விபத்துக்குள்ளாகி மாண்டபோது ஓட்டிச் சென்றதும் இந்த வகையைச் சேர்ந்த வண்டிதான். அதன் ஆசனம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, முதுகின் வளைவுக்கும் தொடையின் நீளத்துக்கும் கணக்குப் பார்த்துத் தோலில் தைக்கப்பட்டிருந்தது. முதுகைச் சாய்த்துக் கொள்ள ஒரு நெம்புகோலும் இருந்தது. தையல் இயந்திரத்தில் தொடங்கிய ஒரு குடும்பத்துத் தொழில், நூறு ஆண்டு ஊர் சுற்றியபின், நன்றாகத் தைத்த ஓர் ஆசனமாகக் குப்பைமேட்டில் கிடந்தது என்பதைக் கவனித்தால், ஆராட் எடுத்தது வெறும் குப்பையல்ல என்பது விளங்கும்.

ஆசனம் கிடைத்தது, அதற்குக் கால் வேண்டும். கார் ஆசனத்தை அப்படியே தரையில் வைத்தவர்களுக்கு அதிலுள்ள சங்கடம் தெரியும். காரில் ஓட்டுகிறவன் காலை முன்னே நீட்டி, ஏறக்குறைய தரையோடு தரையாக அமர்கிறான். வீட்டிலோ காலைத் தொங்கவிட்டு அமர்கிறோம். ஆகவே தரையில் வைத்த கார் ஆசனத்தில் உட்காருகிறவனின் முழங்கால் மோவாயைத் தொடும். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அதை ஓரடி உயர்த்தி, சற்றே பின்சாய்த்து, கை வைக்க இடமும் கொடுக்கிற சட்டம் அவசியம். ஆராட் அதற்காகப் புதிதாக ஒன்றையும் வார்க்கவில்லை. பால் கறக்கும் கொட்டில்களில் மாடுகளுக்கு இடையே தடுப்புக் கட்டுவதற்கென்று 1930களில் இங்கிலாந்தில் உண்டான ‘கீ கிளாம்ப்’ என்னும் இரும்புப் பூட்டுகள் அவருக்குக் கைகொடுத்தன. குழாயைப் பூட்டுக்குள் செருகி, பக்கத்திலுள்ள ஆறு பட்டைத் திருகை ஒரு சாவியால் முறுக்கினால் அது குழாயை இறுகக் கவ்விக் கொள்ளும். பற்றவைக்க வேண்டாம், மரை போட வேண்டாம். வேண்டாதபோது திருகைத் தளர்த்திப் பிரித்து அடுக்கிவிடலாம். வளைந்த இரண்டு குழாய்கள் ஆசனத்தின் இருபுறமும் கையாகவும் காலாகவும் நின்றன. மாட்டுக் கொட்டிலின் தடுப்பும் டாக்டர் வீட்டுக் காரின் ஆசனமும் இவ்வாறு கலப்பு மணம் செய்து கொண்டு ரோவர் நாற்காலி பிறந்தது 1981இல்.

அந்த ஆண்டு லண்டனில் அத்தகைய நாற்காலி பிறந்தது தற்செயலன்று. தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக் கொண்டிருந்தன. வேலையற்றோர் தொகை முப்பது லட்சத்தை எட்டிக் கொண்டிருந்தது. ரோவர் கம்பெனியைத் தன்னுள் அடக்கிய பிரிட்டிஷ் லேலண்டு ஸ்தாபனமோ 1975இல் அரசாங்கத்தின் கைக்குப் போய், அப்போதும் நிமிர முடியாமல் தத்தளித்தது. செல்வாக்காக இருந்த ஒரு தொழிலின் எச்சங்கள் முற்றங்களில் மலிந்து கிடக்க, கையில் முதலீடு ஏதுமில்லாத இளைஞர்கள் அவற்றுக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். ஆராட் கோவென்ட் கார்டன் வட்டாரத்தில் ‘ஒன் ஆஃப்’ என்ற பட்டறையையும் கடையையும் திறந்தார். காரின் ரேடியோவுக்கான ஆன்டெனாக் குழாயை, நீண்டு சுருங்கும் விளக்குத் தண்டாக அமைத்து அங்கே விற்றார். பாரீஸ் நகரத்து உடையலங்கார நிபுணர் ஜான் போல் கோத்தியே அந்தக் கடைக்கு வந்து ரோவர் நாற்காலிகளில் ஆறை மொத்தமாக வாங்கிப் போனார். வந்தவர் இன்னார் என்று கடைக்காரருக்கே அப்போது தெரியாது. அதே காலத்தில் டாம் டிக்ஸன் என்ற வாத்தியக்காரர், தம் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்ப்பதற்காகப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு, கற்றதை விடமாட்டாமல் பழைய இரும்பில் நாற்காலிகளைப் பற்றவைக்கத் தொடங்கினார். பின்னாளில் இத்தாலியக் கம்பெனி ஒன்றின் மூலம் உலகப் புகழ் பெற்ற அவருடைய ‘எஸ்’ வடிவ நாற்காலியின் முதல் மாதிரிகளில், இருக்கைக்குச் சுற்றியிருந்தது பழைய டயர் டியூபின் ரப்பர்.

அமெரிக்காவில் இந்த வழக்கம் வேறொரு திசையில் போயிற்று. 1959ஆம் ஆண்டுக் கேடிலாக் காரின் பின்புறத்தை, மீனுக்கு இருப்பதுபோல் எழுந்து நிற்கும் அதன் துடுப்புகளோடும் சிவப்பு விளக்குகளோடும் வெட்டியெடுத்து, டிக்கி இருந்த இடத்தில் மெத்தை வைத்துச் சோபாவாக்குகிறார்கள். எட்டு சிலிண்டர் எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலைக் கழுவிப் பூச்சிட்டு, மேலே கண்ணாடி பதித்து, காப்பி மேஜை ஆக்குகிறார்கள். அந்த மேஜையை ஒரு முறை நகர்த்த முயன்றவர் மறுமுறை முயல மாட்டார். வெறும் வார்ப்பே எழுபது எண்பது கிலோ இருக்கும். என் அபிப்பிராயத்தில் இவை நினைவுச் சின்னங்களே அன்றித் தட்டுமுட்டுச் சாமான்கள் அல்ல. உட்காருகிறவனின் முதுகை மறந்து, பார்க்கிறவனின் கண்ணை மட்டும் நினைத்துச் செய்த பண்டம் எதுவாயினும், அதைக் கூடத்தில் வைப்பதைவிடக் கடை வாசலில் வைப்பதே பொருத்தம்.

இத்தனை பேரின் பெயரையும் சொல்லியபின், பெயரில்லாதவர்களையும் சொல்ல வேண்டும். ஆராட் ரோவர் ஆசனத்தைக் காண்பதற்கு வெகுகாலம் முன்பே, நம் ஊர் மோட்டார் பட்டறை எதிலும் வாசலோரமாக, நான்கு செங்கல்லின் மேலோ, ஒரு கோண இரும்புச் சட்டத்தின் மேலோ, ஏதோ ஒரு காரின் பின் ஸீட்டு கிடந்தது. வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் அதில் அமர்ந்துதான் தினப்பத்திரிகை படித்தார்கள். அதைச் செய்தவன் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. லாரியின் வில் பட்டை அரிவாளாயிற்று. டயர் கிழிந்து செருப்பாயிற்று, கிணற்று வாளியாயிற்று. டியூப் கத்தரிபட்டுச் சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டும் பட்டையாயிற்று. ரோவர் நாற்காலியோ 2008இல் பாரீஸின் பொம்பிடூ நிலையத்திலும் அடுத்த ஆண்டு நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்திலும் நடந்த ஆராட்டின் கண்காட்சிகளில் பீடத்தில் ஏறி நின்றது. இதை அநியாயம் என்று கூச்சலிடுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். கார் ஆசனத்தில் வீட்டில் உட்காரலாம் என்பது எவருடைய தனிக் கண்டுபிடிப்பும் அன்று. அது எல்லா ஊர் மெக்கானிக்குகளும் அறிந்த உண்மை. எந்த ஆசனம் அதற்குத் தகுதியுள்ளது, எந்தச் சட்டம் அதற்குத் தக்க துணை என்று தெரிந்து பொறுக்கியதே ஆராட்டின் கெட்டிக்காரத்தனம். செங்கல்லுக்கும் கீ கிளாம்புக்கும் உள்ள தூரம் அது. அந்தத் தூரத்தின் பெருமையை நான் சொந்தச் செலவில் அறிந்து கொண்டேன்.

சென்னையில் எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் பக்கத்தில், கூவத்தின் கரையில் அமைந்த புதுப்பேட்டையைத் தெரியாதவர்கள் மோட்டார் வண்டி வைத்திருக்க முடியாது. பழைய இரும்புக் கடைக்குச் சென்னைவாசிகள் காயலான் கடை என்று பெயர் வைத்ததற்குக் காரணம், காயல்பட்டினத்து முஸ்லிம் வணிகர்கள் அந்த வியாபாரத்தில் முன்னோடிகளாக இருந்ததே என்பார்கள். மார்க்கோ போலோ காலத்தில் குதிரைகள் வந்திறங்கிய காயல் துறையின் பெயர், குதிரையில்லா வண்டிகள் போய்ச் சேரும் இடத்துக்கு வாய்த்திருப்பது விசித்திரப் பொருத்தம். அந்தத் தெருக்களில் கதவுகள் ஒரு கடை, கண்ணாடிகள் ஒரு கடை, கியர்பெட்டிகள் ஒரு கடை என்று, ஒரு காரைப் பஞ்சாங்கத்தின் அங்கங்களைப் போலப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். அம்பாஸடர் காரின் பின் ஸீட்டு ஒன்றை வாங்க வேண்டும் என்ற ஆசையோடு சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே போனேன். 1957 முதல் 2014 மே மாதம் வரை, ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்ட அந்த வண்டியின் ஆசனம், நம் நாட்டில் செய்த கார் ஆசனங்களில் வீட்டுச் சோபாவுக்கு மிக நெருங்கியது. உயரமானது, அகலமானது, ஸ்பிரிங்கு வைத்துத் தைத்தது. இப்போது வருகிற கார்களின் ஸீட்டுகளோ வெறும் நுரைப் பாளம். போதாக்குறைக்குச் சிலவற்றின் விலாவில் விபத்தின்போது வெடித்து விரியும் காற்றுப்பை வேறு ஒளிந்திருக்கிறது. தெரியாமல் கத்தி போட்டுப் பிரிக்கிறவனுக்கு அபாயம்.

“சீட்டு வண்டிக்கா சார், வூட்டுக்கா?” என்று கடைக்காரர் கேட்டார்.

வீட்டுக்குத்தான் என்றேன்.

“அப்ப ஸ்பிரிங்கு நல்லாப் பாத்துக் குடுக்கணும். வண்டிக்குன்னா அட்ஜஸ் பண்ணிக்குவாங்க. வூட்ல உக்கார்றவங்க பண்ண மாட்டாங்க” என்றார் அவர். ஆசனங்களைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இத்தனை தெளிவான வாக்கியம் இல்லை.

ஸீட்டை ஒரு குஷன் கடையில் கொடுத்து, பழைய ரெக்சினை உரித்து, நாரைக் கோதி, புதிதாக இரண்டு ஸ்பிரிங்கு கட்டி, காக்கித் துணியால் போர்த்திக் கொண்டேன். அதன்பின் செய்ததுதான் பிழை. வீட்டுக்குக் கீழே தெருக்கோடியில் இருந்த வெல்டிங் பட்டறையில், ஸீட்டும் முதுகும் கையும் சேர்ந்த முழுச் சட்டத்தையும் ஒரே உடலாகப் பற்றவைக்கச் சொன்னேன். உறுதியாகத்தான் செய்து கொடுத்தார்கள். எங்கள் வீடு இரண்டாம் மாடி. மாடிப்படி திரும்புகிற இடத்தில் அந்த உறுதியான சட்டம் நின்றுவிட்டது. நிமிர்த்திப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை கயிறு கட்டி வெளிப்புறமாகத் தூக்கலாம் என்று யோசனை சொன்னான். கடைசியில் நான்கு இடத்தில் அறுத்து, துளை போட்டு, போல்ட்டு முடுக்கும்படி மாற்றினோம். மாட்டுக் கொட்டிலின் திருகுப் பூட்டை ஆராட் ஏன் தேர்ந்தார் என்பது, புத்தகத்தில் படித்தபோது புரியாமல், படிக்கட்டில் வியர்வை வழிய நின்றபோது நன்றாகப் புரிந்தது. ஆகவே இவ்வகை முயற்சியில் இறங்கும் அன்பர்கள், சட்டத்தைப் பற்றவைக்கும் முன் மாடிப்படியின் திருப்பத்தை அளந்து கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறேன்.

அந்த ஆசனம் இப்போது ஜன்னலோரம் கிடக்கிறது. வருகிறவர்களை நான் வலப்பக்கத்திலேயே உட்காரச் சொல்லுகிறேன். அது அரசாங்க வண்டியின் ஸீட்டு. பின்னால் இடப்பக்கத்தில் அமர்வதுதான் அதிகாரிகளின் வழக்கம். புது ஸ்பிரிங்கு கட்டியும் அந்தப் பள்ளம் முழுதாக நிரம்பவில்லை.